ஈரத் துணி சொல்லும் பொய்

பிறந்து இருபது நாளான ஆண் குழந்தை. இரண்டு நாளாகச் சரியாகப் பால் குடிக்கவில்லை, குடித்ததையும் கக்கிவிடுகிறது. வயிறு உப்பியிருக்கிறது. உடம்பு லேசாகச் சுடுகிறது. இப்படி ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடிவரும் அம்மாவிடம் “உச்சா போறானா?” என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் இதுதான்: “அதெல்லாம் போறான் டாக்டர். துணி நனைஞ்சுக்கிட்டேதான் இருக்கு.”

அம்மா கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் துணி ஓயாமல் நனைவதே சில குழந்தைகளிடம் நோயின் அடையாளம். ஆரோக்கியமான கைக்குழந்தை விட்டுவிட்டுத்தான் சிறுநீர் போகும். மணிக்கு ஒருமுறை போனாலும், போகும்போது பீய்ச்சி அடிக்கும். இடைவெளியே இல்லாமல் சொட்டிக்கொண்டிருக்கும் குழந்தையின் சிறுநீர்ப்பை பல நேரங்களில் காலியாவதே இல்லை. விளிம்புவரை நிரம்பி, இனி இடமில்லை என்றாகி, வழிகிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பித் தெருவில் ஓடினால் தொட்டி காலியாகிறது என்று யாரும் நினைக்க மாட்டோம். குழந்தையின் துணி நனைந்தால் மட்டும் அப்படி நினைத்துவிடுகிறோம்.

சிறுநீர்ப் பாதையில் பிறவிக் குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு வரும் அவசர நிலைகளைக் கண்டுபிடிப்பதில் இருக்கும் பெரிய சிக்கல் இதுதான். ஆபத்து சிறுநீர்ப்பையில் இருக்கும். அறிகுறி வேறெங்கோ இருக்கும். வாந்தி என்று வரும், காய்ச்சல் என்று வரும், மூச்சிரைப்பு என்றுகூட வரும். வயிற்றுக்கு மருந்து, காய்ச்சலுக்கு மருந்து என்று இரண்டு நாள் போய்விடும். அந்த இரண்டு நாளில் சிறுநீரகம் இழப்பதைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம்.

வால்வு என்ற மெல்லிய தடை

ஆண் குழந்தைகளிடம் இந்த அவசரத்துக்கு முதன்மையான காரணம் ஒரு மெல்லிய சவ்வு. சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாயின் மேற்பகுதியில், பிறவியிலேயே இரண்டு மடிப்புகள் வளர்ந்து வழியை மறிக்கின்றன. ‘போஸ்டீரியர் யூரித்ரல் வால்வு’ என்று பெயர். குழந்தை அறுவை சிகிச்சை வார்டில் ‘பி.யு.வி.’ என்றோ ‘வால்வு கேஸ்’ என்றோ சொல்வார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஹ்யூ ஹாம்ப்டன் யங் 1919-ல் தன் சகாக்களோடு சேர்ந்து இதை விரிவாக விவரித்து மூன்று வகைகளாகப் பிரித்தார். நூறு ஆண்டு கடந்தும் மருத்துவ மாணவர்கள் அந்த வகைப்பாட்டைப் படிக்கிறார்கள்.

ஏறக்குறைய 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தக் குறை வருகிறது. கேட்க அபூர்வமாகத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டைப் போல ஆண்டுக்குப் பல லட்சம் குழந்தைகள் பிறக்கும் மாநிலத்தில், எந்த ஆண்டும் வால்வோடு பிறந்த பையன்கள் இல்லாமல் போகப்போவதில்லை.

சவ்வு மெல்லியதுதான். ஆனால் கருவில் சிறுநீர் உருவாகத் தொடங்கிய நாளிலிருந்து, அந்தத் தடையை எதிர்த்துச் சிறுநீர்ப்பை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. அதன் தசை தடித்துப்போகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் மேல்நோக்கிப் போய்ச் சிறுநீரகக் குழாய்களை விரிக்கிறது, சிறுநீரகத்தின் திசுவையே கெடுக்கிறது. இந்தக் குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கு, கண்டுபிடிக்கும்போதே சிறுநீர் பையிலிருந்து சிறுநீரகத்துக்குத் திரும்பிப் பாய்ந்துகொண்டிருக்கும். சவ்வை அகற்றிய பிறகும், வளர்ந்து வரும்போது ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை சிறுநீரகச் செயலிழப்பை நோக்கிப் போகிறார்கள். டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்று குடும்பங்களை உலுக்கும் சொற்கள் இந்த இடத்தில்தான் வருகின்றன. ஒரு பகுதி சேதம் கருவிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதை யாரும் தடுக்க முடியாது. பிறந்த பிறகு, அடைப்போடும் கிருமியோடும் குழந்தை கழிக்கும் நாட்களைத்தான் நம்மால் குறைக்க முடியும்.

வீட்டில் பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும்? சிறுநீர் எப்படி வருகிறது என்பதை. துணியைக் கழற்றிவிட்டு, குழந்தை போகும் நேரத்தில் பார்க்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வருகிறதா, முக்கி முக்கிப் போகிறானா, போகும்போது முகம் சிவந்து அழுகிறானா, போய் முடித்த பிறகும் தொப்புளுக்குக் கீழே உருண்டையாக ஏதாவது கைக்குத் தட்டுப்படுகிறதா? செல்போனில் ஒரு சிறு வீடியோ எடுத்துவந்து காட்டினால் மருத்துவருக்குப் பத்துக் கேள்வி மிச்சம். பெரும்பாலான குழந்தைகள் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் சிறுநீரைக் கழித்துவிடும். கழிக்கவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பும் முன் காரணம் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே அவசியம். நன்றாகப் பீய்ச்சி அடிக்கிறான் என்பதை மட்டும் வைத்து வால்வு இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தடித்துப்போன தசையின் பலத்தில் சில குழந்தைகள் தடையையும் மீறி ஓரளவு நன்றாகவே போவார்கள். அவர்களில் சிலரைப் பள்ளி வயதில், பகலிலும் நனைத்துக்கொள்ளும் பையனாகத்தான் மருத்துவர்கள் முதன்முதலில் சந்திக்கிறார்கள். அதுவரை வீட்டில் அவன் ‘சோம்பேறி’ என்று அடி வாங்கியிருப்பான்.

“சூடு புடிச்சிருக்கு, தொப்புள்ல விளக்கெண்ணெய் வை” என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வது. வெயில் காலத்தில் ஓடியாடும் ஆறு வயதுப் பிள்ளைக்கு நீர்க்கடுப்பு என்றால் இளநீரும் மோரும் கொடுப்பதில் தவறில்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தக் கணக்கே கிடையாது. அந்த வயதில் காய்ச்சல் என்றாலே மருத்துவமனை. காய்ச்சலோடு சிறுநீரிலும் ஏதோ சரியில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

அவசரப் பிரிவில் இந்தக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவருக்கு முதல் கருவி அவருடைய கைதான். அடிவயிற்றில் கை வைத்தால் கெட்டியான சிறுநீர்ப்பை தட்டுப்படும். இதற்கு ஒரு நிமிடம் போதும். அழும் குழந்தையிடம், கூட்டம் நெருக்கும் இரவுப் பணியில், அந்த ஒரு நிமிடம்தான் பல நேரம் தவறிப்போகிறது.

அடுத்தது ஸ்கேன். தடித்த சுவரோடு பெருத்த பை, இரண்டு பக்கமும் விரிந்த சிறுநீரகங்கள், பைக்குக் கீழே விரிந்த குழாய் ஆகியவை சேர்ந்து திரையில் சாவித் துவாரம் போன்ற ஒரு வடிவம் தெரியும். அந்த வடிவத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகம் பெரும்பாலும் உறுதியாகிவிடும். பிறந்த முதல் இரண்டு நாளில் குழந்தைகள் இயல்பாகவே குறைவாகச் சிறுநீர் உண்டாக்குவதால், அப்போது எடுக்கும் ஸ்கேனில் வீக்கம் குறைவாகத் தெரியலாம். சாதாரண வீக்கத்துக்கு அதனால் சில நாள் பொறுத்து எடுப்பார்கள். வால்வு என்று சந்தேகம் இருந்தால் அந்தப் பொறுமை கூடாது. உடனே எடுத்து, பிறகு மறுபடியும் எடுக்க வேண்டும்.

இதற்குள் ரத்தம் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும். சிறுநீரகம் கழிவை எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பிறந்த ஓரிரு நாளில் குழந்தையின் ரத்தத்தில் இருப்பது பெருமளவு அம்மாவின் கிரியேட்டினின்தான். அந்த எண் நன்றாக இருப்பதைக் கண்டு நிம்மதி அடையவும் முடியாது, மோசமாக இருப்பதைக் கண்டு நம்பிக்கை இழக்கவும் முடியாது. சில நாள் கழித்துத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். முதல் ஆண்டுக்குள் அது எந்த அளவுக்கு இறங்குகிறது என்பதுதான் பிற்காலத்தைச் சொல்லும். டெசிலிட்டருக்கு 0.8 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மருத்துவர் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

அந்த இரவில் உயிரைத் தீர்மானிப்பது பொட்டாசியம். அடைப்பும் கிருமித் தொற்றும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். கூடவே சோடியம் இறங்கும், ரத்தத்தில் அமிலம் கூடும். அந்த அமிலத்தை வெளியேற்றத்தான் குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்குகிறது. அதை நிமோனியா என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இங்கே இன்னொரு வலுவான மயக்கமும் காத்திருக்கிறது. வாந்தி, எடை குறைவு, சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம் என்ற நான்கும் சேர்ந்த கைக்குழந்தையைக் கண்டால், அட்ரினல் சுரப்பியின் பிறவிக் குறை என்ற எண்ணம்தான் மருத்துவருக்கு முதலில் வரும். அப்படி நினைப்பது சரியும்கூட. அந்த நோயும் ஆளைக் கொல்லும். ஆனால் சிறுநீர்ப் பாதைக் குறையோடு தொற்றும் சேரும்போது, உப்பைத் தக்கவைக்கச் சொல்லும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் போதுமான அளவு சுரந்தும், சிறுநீரகம் அதன் பேச்சைக் கேட்பதில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் இரண்டு நோயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். தொற்றுக்கு மருந்து ஏறி அடைப்பும் விலகினால் உப்புக் கணக்கு தானாகவே சீராகும். உப்புக் கணக்கு இப்படித் தடுமாறும் கைக்குழந்தை எதுவாக இருந்தாலும் அதன் சிறுநீர்ப் பாதையைப் பார்க்காமல் விடக் கூடாது என்பதை நான் அழுத்தியே சொல்வேன்.

சிறுநீரை எப்படி எடுப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. பிளாஸ்டிக் பை ஒட்டி எடுக்கும் சிறுநீரில் தோலில் உள்ள கிருமிகள் கலந்துவிடும். அதில் கிருமி இல்லை என்று வந்தால் நம்பலாம். இருக்கிறது என்று வந்தால் நம்ப முடியாது. மெல்பர்னில் நடந்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், அடிவயிற்றைக் குளிர்ந்த ஈரப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தபோது 31 சதவீதக் குழந்தைகள் ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்தன. தேய்க்காதவர்களில் 12 சதவீதம்தான். உடல்நிலை மோசமாக உள்ள குழந்தைக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. டியூப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அடைப்பு இருந்தால் அந்த டியூப்பே முதல் சிகிச்சையும் ஆகிறது. நைட்ரைட் என்ற உடனடிச் சோதனையை மட்டும் நம்பித் தொற்று இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. சிறுநீர் பையில் நான்கு மணி நேரமாவது தங்கினால்தான் அந்தச் சோதனை சரியாகப் பேசும்; அடிக்கடி போகும் கைக்குழந்தையிடம் அது பல நேரம் மௌனமாக இருந்துவிடும்.

டியூப் போடுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. பெரியவர்களுக்குப் போடுவதுபோல முனையில் பலூன் உள்ள கதீட்டரைப் பலர் தவிர்க்கிறார்கள். தடித்துச் சுருங்கிய பைக்குள் பலூன் உறுத்தி, பையை மேலும் இறுகச் செய்யும். பச்சிளம் குழந்தைக்குப் பால் புகட்டும் மெல்லிய ஃபீடிங் டியூப்பைத்தான் போட்டு ஒட்டுவார்கள். டியூப் சுலபமாக உள்ளே போய்விட்டது, ஆகவே அடைப்பு இல்லை என்று நினைப்பது பெரிய தவறு. இந்த வால்வு மேலிருந்து வரும் சிறுநீரைத்தான் தடுக்கும். கீழிருந்து போகும் டியூப்புக்கு வழி விட்டுவிடும். சில நேரம் டியூப்பின் முனை பைக்குள் போகாமல், விரிந்த குழாய்க்குள்ளேயே சுருண்டு கிடக்கும். அங்கே தேங்கிய சிறுநீர் வடியும். பை வடிகிறது என்று எல்லோரும் நம்புவார்கள். ஸ்கேன் கருவியை மறுபடி வைத்து முனை எங்கே இருக்கிறது, பை சுருங்கியதா என்று பார்த்துவிட வேண்டும்.

அடைப்பு விலகியதும் எதிர்ப்பக்க ஆபத்து தொடங்குகிறது. இத்தனை நாள் அழுத்தத்தில் இருந்த சிறுநீரகம் சிலருக்குத் தண்ணீரையும் உப்பையும் கட்டுப்பாடில்லாமல் வெளியே தள்ளும். சில மணி நேரத்தில் குழந்தை வறண்டுபோகும். மணிக்கு மணி அளந்து, போனதை ஈடுகட்டும் அளவுக்கு டிரிப் ஏற்ற வேண்டும். டியூப் போட்டாயிற்று, இனி காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

தொற்று அடங்கிய பிறகு, பைக்குள் சாயம் ஏற்றிக் குழந்தை சிறுநீர் போகும்போதே எக்ஸ்ரே எடுக்கும் எம்.சி.யு. பரிசோதனை வால்வை உறுதிப்படுத்தும். மிக மெல்லிய உள்நோக்கிக் கருவியை உள்ளே செலுத்தி அந்தச் சவ்வை அகற்றுவார்கள். குழந்தை ரொம்பச் சிறியது, அந்த அளவுக்குக் கருவி இல்லை என்றால், அடிவயிற்றில் ஒரு துவாரம் வைத்துச் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு, குழந்தை வளர்ந்ததும் மூடுவார்கள்.

அம்மாவின் ஃபைலில் தங்கிவிடும் செய்தி

இவ்வளவு தவிப்பும் தேவையில்லாமல் போகும் குழந்தைகளும் இருக்கிறார்கள். கர்ப்பத்தின் 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனிலோ, அதற்குப் பிறகு எடுப்பதிலோ, பெருத்த சிறுநீர்ப்பையும் வீங்கிய சிறுநீரகங்களும் தெரிந்துவிடுவது உண்டு. பனிக்குட நீர் குறைந்திருந்தால் கவலை இரட்டிப்பாகும். அந்த நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். அது இல்லாமல் நுரையீரல் சரியாக வளராது. கருவிலேயே சிகிச்சை செய்யும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. சான்ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் 1981-ல் கருப்பையைத் திறந்து கருவுக்குச் செய்த முதல் அறுவை சிகிச்சையே இத்தகைய சிறுநீர் அடைப்புக்காகத்தான். பிறகு, கருவின் பையிலிருந்து பனிக்குடத்துக்குச் சிறு குழாய் வைக்கும் முறையைச் சோதித்த பிரிட்டன் ஆய்வு, 31 பெண்களோடு நின்றுபோய் 2013-ல் வெளியானது. குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடலாம் என்றது. ஆனால் பிழைத்தவர்களில் சிறுநீரகம் நன்றாக இருந்தவர்கள் மிகச் சிலரே. ஆகவே இன்றைக்கும் நம் பெற்றோருக்குக் கருவறை ஸ்கேன் தருகிற பெரிய உதவி முன்னறிவிப்புதான்: எங்கே பிரசவம் வைத்துக்கொள்வது, பிறந்ததும் யார் பார்க்க வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளலாம்.

அந்த முன்னறிவிப்பு வழியில் தொலைந்துபோவதுதான் வேதனை. ஸ்கேன் ஒரு ஊரில், பிரசவம் அம்மா வீட்டு ஊரில், குழந்தைக்குக் காய்ச்சல் வருவது மாமியார் வீட்டு ஊரில். ‘இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருக்கிறது, பிறந்த பின் மறுபடி ஸ்கேன் எடுக்கவும்’ என்ற வரி அம்மாவின் பிரசவ ஃபைலில் இருக்கும். குழந்தையின் தடுப்பூசி அட்டையில் இருக்காது. கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்ற அவசியமான சட்டம் 1994 முதல் நம் நாட்டில் இருப்பதால், இது ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வரும் வால்வு நோயாக இருக்கலாம் என்ற விளக்கத்தையும் ஸ்கேன் அறையில் வெளிப்படையாகப் பேச முடியாது. அதனால் பிறந்த பின் சொல்லும் பொறுப்பு கூடுகிறது. குழந்தை பிறந்ததும் அந்த வரியைக் குழந்தையின் அட்டைக்கு மாற்றி எழுதுவது ஒரு செவிலியருக்கு அரை நிமிட வேலை.

மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டம் பிறந்த குழந்தைகளைக் குறைகளுக்காகப் பரிசோதிக்கிறது. அதன் பிறவிக் குறைப் பட்டியலில் முதுகுத்தண்டுக் குறை, பிளவுபட்ட உதடு, வளைந்த பாதம், இதயக் குறை, கண்புரை, காது கேளாமை என்று ஒன்பது இருக்கின்றன. சிறுநீர்ப் பாதைக் குறைக்கு அந்த ஒன்பதில் இடமில்லை. பிரசவ வார்டிலிருந்து அனுப்பும் முன் ‘சிறுநீர்ப் போக்கைப் பார்த்தாயிற்றா?’ என்ற ஒரு கட்டம் அந்தத் திட்டத்தின் பரிசோதனைத் தாளில் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கையாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியரும் எடை பார்க்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம்.

துணி மறுபடியும் ஏமாற்றும் இடம்

வால்வை அகற்றியாயிற்று, பையன் மூன்று வயதில் நன்றாக ஓடுகிறான். ஒரு நாள் வயிற்றுப்போக்கு. எந்த அம்மாவுக்கும் நாம் சொல்லிக்கொடுத்திருக்கும் பாடம்: சிறுநீர் போகிறதா என்று பார், போனால் பயமில்லை. இந்தப் பையன்களிடம் அந்தப் பாடம் செல்லாது. அடைப்பால் கெட்ட சிறுநீரகம் பலருக்குச் சிறுநீரைச் சுண்டவைக்கும் திறனை இழந்திருக்கும். உடம்பில் தண்ணீர் இல்லாதபோதும் அது வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கண் குழிந்து, நாக்கு வறண்டு, ஆனாலும் டயபர் நிறைந்திருக்கும். துணியைப் பார்த்து ஆறுதல் அடையாமல், எடை எவ்வளவு குறைந்தது, பிள்ளை எவ்வளவு சோர்ந்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் உப்புகளைச் சோதிக்க வேண்டும். தடித்த பை வால்வு போன பிறகும் சரியாகக் காலியாகாமல் இருப்பதும் உண்டு. அது தனித் தொடர்கதை.

பெண் குழந்தைகளுக்கு வால்வு வராது. ஆனால் சிறுநீரகக் குழாயின் நுனி பைக்குள் பலூன் போல உப்பியிருக்கும் ‘யூரிட்டரோசீல்’ என்ற குறை அவர்களிடம் அதிகம். அது கீழே நழுவி வாசலை அடைத்துவிட்டால் சிறுநீர் முழுதாகக் கட்டிக்கொள்ளும். பிறப்புறுப்பில் திடீரென்று ஒரு சிவந்த சதை துருத்தித் தெரியும். வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே காட்ட வேண்டியது அது.

வலிக்காத வயிறு

முதுகுத்தண்டு முழுதாக மூடாமல், முதுகில் கட்டியோடு பிறக்கும் ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளின் கதை வேறு. பையில் குறையில்லை, பைக்கு உத்தரவு தரும் நரம்பில் குறை. பை நிரம்பியது அவர்களுக்குத் தெரியாது. தானாகத் திறக்கவும் திறக்காது. 1972-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜாக் லாப்பிடஸ் ஒரு துணிச்சலான யோசனையை முன்வைத்தார்: சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான டியூப்பை நாமே விட்டுச் சிறுநீரை வடித்து எடுத்துவிடலாம், அறுவை அரங்கு அளவுக்குக் கிருமி நீக்கம் தேவையில்லை, பை அளவுக்கு மீறி விரியாமல் இருப்பதுதான் முக்கியம். அன்று பலர் அதிர்ந்தார்கள். இன்று உலகம் முழுவதும் குழந்தைகள் அதனால்தான் சிறுநீரகத்தோடு வாழ்கிறார்கள். கழிவறை இருக்கையில் ஏறி அமர முடியாதவர்களுக்காக, 1980-ல் பிரான்ஸின் பால் மித்ரோஃபனாஃப் குடல்வாலைக் கொண்டு பையிலிருந்து வயிற்றுத் தோலுக்கு ஒரு வழி அமைத்துக் காட்டினார். தொப்புள் வழியே டியூப் விட்டு வடித்துக்கொள்ளும் பிள்ளைகளை இன்று நம் மருத்துவமனைகளிலும் பார்க்கலாம்.

1981-ல் எட்வர்ட் மெக்குவையரும் சகாக்களும், பைக்குள் அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீர் அளவைத் தாண்டிய பிறகே சிறுநீர் கசியும் குழந்தைகளுக்குச் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு மிக அதிகம் என்று காட்டினார்கள். மருந்தாலும் டியூப்பாலும் அந்த அழுத்தம் இறங்காத சிலருக்குக் குடலின் ஒரு துண்டை வெட்டிப் பையோடு தைத்துப் பெரிதாக்குகிறார்கள். அது சிறுநீரகத்தைக் காக்கிறது. அதோடு ஒரு புதிய அபாயமும் வருகிறது: அளவுக்கு மீறி நிரம்பினால் அந்தப் பை கிழியலாம். இண்டியானா மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பெரிதாக்கிய 500 குழந்தைகளில் 43 பேருக்குப் பை கிழிந்திருந்தது. சிலருக்கு ஒருமுறைக்கு மேல்.

கிழிந்தால் தாங்க முடியாத வலி வரும் என்றுதான் நினைப்போம். நரம்புக் குறை உள்ள பிள்ளைக்கு வலி தெரியாமலே போகலாம். லேசான வயிற்றுப் பொருமல், வாந்தி, காய்ச்சல், சில நேரம் தோள்பட்டை வலி. இந்தக் குழந்தைகளில் பலருக்குத் தலையில் சேரும் நீரை வயிற்றுக்குள் இறக்கும் ஷண்ட் குழாய் இருக்கும். வாந்தி என்றதும் எல்லோர் பார்வையும் அதன் மேல் போகிறது. வயிற்றில் சிறுநீர் பரவினால் அந்த ஷண்ட்டிலும் கிருமி ஏறும். ரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருப்பதைக் கண்டு சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தவறாக நினைக்கவும் இடமுண்டு. வயிற்றுக்குள் கொட்டிய சிறுநீரை உடம்பு திரும்ப உறிஞ்சுவதால் ஏறிய எண் அது. வயிற்று நீரைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்தால், ரத்தத்தைவிட அதில் கிரியேட்டினின் பல மடங்கு இருக்கும். சாயம் ஏற்றி எடுக்கும் படத்தில்கூடச் சில கிழிசல்கள் தெரியாமல் போகும். படம் சரியாக இருக்கிறது, பிள்ளையின் நிலை மட்டும் மோசமாகிறது என்றால், அனுபவமுள்ள அறுவை மருத்துவர் பிள்ளையைத்தான் நம்புவார். வயிற்றைத் திறந்து பார்ப்பார்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. தினமும் டியூப் போடும் பிள்ளையின் சிறுநீரைச் சோதித்தால் பெரும்பாலும் கிருமி இருக்கவே செய்யும். உடம்பை ஒன்றும் செய்யாமல் அது அங்கே குடியிருக்கும். காய்ச்சலோ வலியோ இல்லாமல் லேப் தாளை மட்டும் பார்த்து மருந்து கொடுத்துக்கொண்டே போனால், நிஜமான தொற்று வரும் நாளில் எந்த மருந்தும் கேட்காது. அதே தாளைப் பார்த்து, காய்ச்சலும் பொருமலுமாக வந்த பிள்ளைக்கு ‘யூரின் இன்ஃபெக்ஷன்தான்’ என்று முடித்துவிட்டால் கிழிந்த பை மருத்துவரின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஆகவே இந்தப் பிள்ளைகளின் புத்தகப் பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்க வேண்டும். என்ன குறை, என்ன அறுவை சிகிச்சை, எந்த வழியாக, எந்த அளவு டியூப், கடைசி கிரியேட்டினின் எவ்வளவு, எந்த மருத்துவமனை. ஸ்பைனா பைஃபிடா பிள்ளைகளில் பலருக்கு ரப்பர் ஒவ்வாமை இருப்பதால் ‘லேடெக்ஸ் கையுறை வேண்டாம்’ என்று பெரிதாக எழுதியிருக்க வேண்டும். வயிற்றுத் துவாரம் வழியே டியூப் போகவில்லை என்றால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் முயன்றுகொண்டிருக்காமல் கிளம்பிவிட வேண்டும். கீழ்வாசலையும் தைத்து மூடியிருந்தால் அந்தப் பைக்கு வேறு வழியே இல்லை. அடிவயிற்றில் ஊசி வைத்தாவது வடிப்பார்கள். மருத்துவரிடம் போனதும் முதல் வாக்கியமாக, “இவளுக்குப் பிறவியிலேயே மூத்திரப்பை குறை, ஆபரேஷன் ஆயிருக்கு” என்று சொல்லிவிட வேண்டும். காய்ச்சல், வாந்தி எல்லாம் அதற்குப் பிறகு.

பை கிழிவதற்கு முந்தைய மணி நேரங்கள் அநேகமாகப் பள்ளியிலோ பயணத்திலோ கழிந்திருக்கும். எட்டு வயதுக் குழந்தையின் பை சாதாரணமாகச் சுமார் 270 மில்லி கொள்ளும்; மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வடித்தாக வேண்டும். தாழ்ப்பாள் இல்லாத கழிவறை, வராத தண்ணீர், சக பிள்ளைகள் எட்டிப்பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் என்று எது தடுத்தாலும் பிள்ளை மதிய முறையைத் தவறவிடும். சாயங்காலம் வீடு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தண்ணீர் குடிக்காமலும் இருந்துவிடும். வகுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டுமாவது விஷயம் தெரிந்து, மதிய மணிக்கு முன் பத்து நிமிடம் அந்தப் பிள்ளையை அனுப்பி, தாழ்ப்பாளும் தண்ணீரும் சோப்பும் உள்ள ஓர் அறையை ஒதுக்கித் தந்தால் போதும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மூன்று மணி நேரத்துக்கும் மேல். அதற்கு முன்னும் பின்னும் உள்ள காத்திருப்பைச் சேர்த்தால் நான்கு மணி நேரம் சுலபமாகத் தாண்டும். தேர்வு அறைக் கண்காணிப்பாளருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, நடுவில் எழுந்துபோய் வடித்துவிட்டு வர அந்தப் பிள்ளைக்கு அனுமதி வாங்கிவைக்க வேண்டும்.